மலைக் காற்றும் ஓதம் ஏறிய சுவரும்

குன்னூரில் குடியிருக்கிறோம் என்று சொன்னால் சமவெளிக்காரர்கள் எல்லோரும் ஒன்றுபோலவே பதில் சொல்வார்கள்: "உங்களுக்கென்னங்க, நல்ல காத்து!" கோவையிலும் திருப்பூரிலும் இருக்கிற எங்கள் சொந்தக்காரர்களுக்கு இது வெறும் உபசாரப் பேச்சு இல்லை, உறுதியான நம்பிக்கை. பிள்ளைக்கு மூச்சு இளைக்கிறதா, லீவு விட்டதும் பெட்டியைக் கட்டி மலைக்கு அனுப்பிவிடுவார்கள். என் நாத்தனார் மகள் அப்படித்தான் சித்திரை வெயிலில் கோவையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். வந்த புதிதில் சிம்ஸ் பூங்காவில் ஓடித் திரிந்தாள். மே கடைசியில் மழை பிடித்து, கதவு ஜன்னலையெல்லாம் அடைத்துவைக்க ஆரம்பித்ததும், நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்து இருமத் தொடங்கினாள். பக்கத்துக் கட்டிலில் என் மகன். அவன் இந்த மலையிலேயே பிறந்து இந்தக் காற்றையே குடித்து வளர்ந்தவன். அவனுக்கும் சின்ன வயதிலிருந்தே இளைப்பு உண்டு.

நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. மழைக்காலத்தில் எந்த வகுப்புக்குள் போனாலும் தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு விடுகிற பிள்ளை ஒன்றாவது கண்ணில் படும். அம்மாக்களைக் கூப்பிட்டுப் பேசினால், "சளி டீச்சர், மலைக்குளிர் அப்படித்தான்" என்பார்கள். ஆஸ்துமாவாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள் என்றால் முகம் மாறிவிடும். அது டவுனில், தொழிற்சாலைப் புகைக்குள் இருக்கிறவர்களுக்கு வருகிற வியாதி, இங்கே எப்படி வரும் என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். நல்ல காற்றுள்ள ஊர் என்ற பெயரே எங்கள் பிள்ளைகளுக்குச் சரியான மருந்து போய்ச் சேராமல் தடுத்துக்கொண்டிருக்கிறது என்பது என் எண்ணம்.

இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இருநூறு வருடம் பின்னால் போக வேண்டும். கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் மலை ஏறினார். சில வருடங்களில் ஊட்டியில் கல் பங்களா கட்டினார். வெயிலிலும் காய்ச்சலிலும் வாடிய வெள்ளைக்காரச் சிப்பாய்களையும் அதிகாரிகளையும் உடம்பு தேற மேலே அனுப்பினார்கள். கொடைக்கானலும் அப்படித்தான்; மதுரையில் நோய்க்கும் வெயிலுக்கும் தப்ப நினைத்த அமெரிக்க மிஷனரிகள் 1845-இல் அங்கே வீடு கட்டிக்கொண்டார்கள். கீழே கொள்ளைநோயும் வெக்கையும் இருந்த காலத்தில் மலை ஆரோக்கியமாகத்தான் இருந்திருக்கும். அவர்கள் இருந்ததோ மேட்டில், மரங்களுக்கு நடுவே, கணப்பும் உயரமான கூரையும் வைத்த தனித்தனி பங்களாக்களில். பள்ளத்தில் ஒட்டி ஒட்டிக் கட்டிய ஒண்டுக் குடித்தனங்களில் இல்லை.

மலைக்குப் போனால் ஆஸ்துமா குறையும் என்பது முழுக்கப் பொய்யும் அல்ல. சுவிட்சர்லாந்தில் 1,560 மீட்டர் உயரத்தில் டாவோஸ் என்று ஓர் ஊர். ஆஸ்துமா உள்ள குழந்தைகளை ஐரோப்பிய டாக்டர்கள் பல காலம் அங்கே அனுப்பிவைத்தார்கள். பிள்ளைகள் உண்மையிலேயே தேறினார்கள். வீடு திரும்பியதும் பலருக்கு மறுபடி இளைத்தது. காரணத்தைத் தேடியபோது உயரத்தோடு சேர்ந்து வந்த வறட்சி கண்ணில் பட்டது. மெத்தையிலும் கம்பளியிலும் தலையணையிலும் தூசி உண்ணி என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு ஜீவன் வாழ்கிறது. மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். நம் தோலிலிருந்து உதிர்கிற செதில்தான் அதற்குச் சாப்பாடு. அதன் எச்சம்தான் ஒவ்வாமை உள்ள பிள்ளையின் மூச்சுக்குழாயைச் சீண்டுகிறது. அது தண்ணீர் குடிப்பதில்லை, காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சித்தான் உயிர் வாழும். ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே நீடித்தால் காய்ந்து செத்துப்போகும். டாவோஸின் வறண்ட குளிரில் அதனால் பிழைக்க முடிவதில்லை.

குன்னூர் டாவோஸைவிட உயரம். ஊட்டி 2,240 மீட்டர். உயரத்தில் எங்களுக்குக் குறையே இல்லை. ஆனால் தென்மேற்குப் பருவமழை ஓய்வதற்குள் வடகிழக்கு வந்து நிற்கிற மலை இது. நடுவில் மூடுபனி. ஜூலையில் துவைத்துப் போட்ட பள்ளிச் சீருடை மூன்றாம் நாளும் பிசுபிசுக்கும். கம்பளியைத் துவைக்கவே மனம் வராது. அரிசி டப்பாவில் பூஞ்சை, பெல்ட்டில் பூஞ்சை, பீரோவுக்குப் பின்னால் சுவரில் கறுப்புப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சை. இந்தப் பூஞ்சையின் வித்துகளும் மூச்சை இளைக்க வைக்கும்.

எங்கள் ஊர் வீடு கட்டப்படுகிற விதத்தைச் சொல்லாமல் இது புரியாது. மலைச்சரிவை வெட்டித் தட்டாக்கி வீடு கட்டுகிறோம். முன்பக்கம் படிக்கட்டும் பள்ளமும். பின்பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் மண். அதாவது மலையே அந்தச் சுவரில் சாய்ந்திருக்கிறது. பெய்கிற மழையெல்லாம் மண்ணுக்குள் இறங்கி அந்தச் சுவர் வழியாகக் கசிந்து வரும். ஓதம் தரையிலிருந்து ஏறி இடுப்பு உயரத்துக்கு வந்து நிற்கும். பின்பக்க அறைக்கு ஜன்னல் வைக்க வழியில்லை. முன்னறை விருந்தாளிகளுக்கும் டிவிக்கும் என்று ஆகிவிடுவதால், பிள்ளைகள் தூங்குவது அந்தப் பின்னறையில்தான். கட்டிலை ஓதச் சுவரோடு ஒட்டிப் போட்டிருப்பார்கள். நடக்க இடம் வேண்டுமே! என் மகன் பிறந்த வீடு அப்படிப்பட்டதுதான். வாடகை வீட்டில் சுவரை இடித்துத் தண்ணீர் ஓட வழி பண்ணச் சொல்லி யாரைக் கேட்பது? கேட்டோம். "மலையில இதெல்லாம் சகஜம்மா, சுண்ணாம்பு அடிச்சு விட்டுருவோம்" என்று வீட்டுக்காரர் சொன்னார். அடித்த சுண்ணாம்பு ஆடி முடிவதற்குள் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. நாங்கள் கட்டிலை இடம் மாற்றி முன்னறைக்குக் கொண்டுவந்தோம். டிவி பின்னறைக்குப் போயிற்று.

அடுத்தது புகை. மலைச்சரிவில் வீடுகள் படிபோல ஒன்றன் மேல் ஒன்றாக இருப்பதால், கீழ் வீட்டுக் கூரை இருக்கும் உயரத்தில்தான் மேல் வீட்டு வாசல் இருக்கும். கீழ் வீட்டுப் புகைபோக்கி மேல் வீட்டு ஜன்னலைப் பார்த்துத் திறந்திருக்கும். சமையலுக்கு இன்று எல்லா வீட்டிலும் கேஸ் உண்டு. ஆனால் குளிக்க வெந்நீர் இல்லாமல் இந்தக் குளிரில் முடியாது, அதற்கு கேஸ் செலவழிக்கக் கட்டுப்படியாகாது. எனவே காலையில் ஐந்தரை மணிக்கெல்லாம் வெந்நீர் அடுப்பு பற்றவைத்தாக வேண்டும். விறகு என்றால் கவாத்து வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சியும், கற்பூர மரம் என்று நாங்கள் சொல்கிற யூகலிப்டஸ் கிளையும். மழையில் நனைந்த விறகு எரிவதைவிடப் புகைவதுதான் அதிகம். இரவில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கி நிற்கும். அதற்கு மேலே சற்று வெதுவெதுப்பான காற்று மூடி போட்டதுபோல உட்கார்ந்துகொள்ளும். வெயில் ஏறி அந்த மூடி விலகும்வரை புகைக்குப் போக்கிடம் இல்லை. பனிக்காலத்துக் காலையில் பள்ளத்தில் படிந்திருக்கிற வெள்ளையைச் சுற்றுலா வந்தவர்கள் மூடுபனி என்று போட்டோ எடுப்பார்கள். அதில் பாதி எங்கள் வெந்நீர்ப் புகை. பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பி அதற்குள் நடந்து வருகிறார்கள்.

குளிர் தாங்காத வீடுகளில் ராத்திரி கும்முட்டியில் கரி மூட்டி அறைக்குள் வைத்துக்கொள்வதும் உண்டு. இதை மட்டும் யார் செய்தாலும் கையைப் பிடித்துத் தடுத்துவிடுவேன். இளைப்பு இருக்கட்டும், கதவை அடைத்து உள்ளே கரி எரித்தால் கார்பன் மோனாக்சைடு சேர்ந்து உயிரே போய்விடும். அப்படி எழுந்திருக்காமல் போனவர்களைப் பற்றிப் பத்திரிகையில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

சரி, வெளிக்காற்று? சீசன் நேரத்தில் குன்னூர் பேருந்து நிலையத்துப் பக்கம் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஏற்றத்தில் முதல் கியரில் ஊர்ந்து ஏறுகிற வண்டி சமதளத்தில் ஓடுகிற வண்டியைவிட அதிகம் புகை கக்கும். அந்த ஏற்றத்திலேயே நெரிசல் வேறு. இருபுறமும் கட்டடம், சாலை குறுகல், புகை கலைய இடமில்லை. கோடையில் நீலகிரிக்கு நாளொன்றுக்கு சுமார் 20,000 வண்டிகள் வருவதாக வந்த கணக்கைப் பார்த்துதான் சென்னை உயர் நீதிமன்றம் 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம் என்றது. 2025 கோடைக்கு நீலகிரிக்குள் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் வரம்பு வைத்தது. இதை எதிர்த்து வியாபாரிகள் கடையடைத்தார்கள். அவர்கள் பிழைப்பு அவர்களுக்கு. அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் அந்த விவாதம் முழுக்கக் காடு, யானை, தண்ணீர், லாட்ஜ் வருமானம் என்றே போயிற்று. சாலையோர வீடுகளில் வளர்கிற பிள்ளைகளின் நுரையீரலைப் பற்றி யாராவது பேசுவார்களா என்று நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். என் காதில் விழவில்லை.

இந்த இடத்தில் லண்டன் சிறுமி ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லா அடூ கிஸ்ஸி டெப்ரா என்பது அவள் பெயர். தென்கிழக்கு லண்டனில், வண்டிகள் ஓயாத பெருஞ்சாலைக்கு அருகில் அவள் வீடு. இளைப்பு முற்றி மூன்று வருடத்துக்குள் திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டு, 2013 பிப்ரவரியில் ஒன்பது வயதில் இறந்துபோனாள். அவளுடைய அம்மா ரோசமண்ட் ஆசிரியையாக இருந்தவர். மகள் ஏன் செத்தாள் என்று கேட்டுக் கேட்டு, முதல் விசாரணையின் முடிவை ரத்து செய்யவைத்து, இரண்டாவது விசாரணைக்கு வழி பண்ணினார். 2020 டிசம்பரில் அந்த விசாரணையை நடத்திய அதிகாரி, சாவுக்குக் காரணங்களில் காற்று மாசும் ஒன்று என்று எழுதினார். பிரிட்டனில் ஒரு மனிதரின் இறப்புக் காரணமாகக் காற்று மாசு பதிவானது அதுதான் முதல் தடவை. காற்று இவ்வளவு மோசமாக இருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால் வீட்டை மாற்றியிருப்பேன் என்றார் அந்த அம்மா. அந்தச் செய்தியைப் படித்த நாளில் பேருந்து நிலையத்துப் படிக்கட்டு ஓரம் குடியிருக்கிற என் மாணவர்கள் ஒவ்வொருவராக மனதில் வந்து போனார்கள்.

நகரம் என்றால் வண்டிப் புகை மட்டும் இல்லை. அமெரிக்காவில் 1997-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, எட்டு பெருநகரப் பகுதிகளின் ஏழை வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்தது. கரப்பான் பூச்சிக்கு ஒவ்வாமை இருந்து, படுக்கையறையிலும் கரப்பான் அதிகமாக இருந்த பிள்ளைகள் மற்றவர்களைவிட மூன்று மடங்குக்கும் மேல் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். மலைக்குளிரில் எங்களுக்குக் கரப்பான் தொல்லை குறைவு. கோவையில் நாத்தனார் வீட்டில் நிறைய. அங்கே இன்னொன்றும் உண்டு: கொசுவத்தி. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வருகிற நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் வரை பிடித்ததற்குச் சமம் என்று 2003-இல் ஒரு ஆய்வு சொன்னது. நாத்தனாரிடம் இதைச் சொன்னதும் கொசுவலை வாங்கிவிட்டார். ஆக, நாத்தனார் மகளுக்கு அங்கே கொசுவத்தியும் கரப்பானும். என் மகனுக்கு இங்கே ஓதமும் விறகும். நெரிசலும் காற்றோட்டமில்லாத அறையும் இரண்டு வீட்டிலும் உண்டு. பிள்ளையை மலைக்கும் கீழுக்கும் மாற்றி மாற்றி அனுப்பி இதைத் தீர்க்க முடியாது.

இனி மருந்து. இதில்தான் எனக்கு ஆதங்கம் அதிகம்.

ஆஸ்துமா வந்த பிள்ளையின் மூச்சுக்குழாய்க்குள் எப்போதுமே லேசான வீக்கம் இருக்கிறது. இருமல் இல்லாத நாளிலும் இருக்கிறது. தூசியோ புகையோ குளிர்காற்றோ ஜலதோஷமோ வந்து சீண்டும்போது சுற்றியுள்ள தசை இறுகுகிறது, சளி அடைக்கிறது. உள்ளே இழுத்த மூச்சை வெளியே விட முடியாமல் பிள்ளை திணறுகிறது. நீல நிற இன்ஹேலரில் உள்ள சால்புட்டமால் இறுகின தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும். அவ்வளவுதான் அதன் வேலை. வீக்கத்தை அது தொடாது. வீக்கத்தை ஆற்றுவது புடசோனைடு போன்ற ஸ்டீராய்டு மருந்துள்ள இன்னொரு இன்ஹேலர்; தடுப்பு இன்ஹேலர் என்பார்கள். அதை நன்றாக இருக்கும் நாளிலும், டாக்டர் நிறுத்தச் சொல்கிறவரை, தினமும் எடுக்க வேண்டும். நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் நடப்பது வேறு. ராத்திரி திணறினால் ஆட்டோ பிடித்து ஓடி நெபுலைசர் வைத்து வருவார்கள். காலையில் பிள்ளை சிரித்துக்கொண்டு எழுந்திருக்கும். அடுத்த மழைவரை எல்லோரும் அதை மறந்துவிடுவார்கள்.

"இன்ஹேலர் பழக்கமாயிடும்", "அது கடைசிக் கட்டத்துக்குத்தான்", "ஸ்டீராய்டாமே, பிள்ளை வளராது" என்று பயங்களும் பல. என் அத்தைக்கும் இந்தப் பயம் இருந்தது. "மாத்திரை குடுத்தாப் போதாதாம்மா, எதுக்கு இந்த மிஷினு?" என்று கேட்பார். அவருக்கு நான் சொன்ன கணக்கு இது. சால்புட்டமால் மாத்திரை ஒன்று 2 மில்லிகிராம். இன்ஹேலரை ஒரு முறை அடித்தால் வருவது 100 மைக்ரோகிராம். ஆக, ஒரே மாத்திரையில் இருப்பது இருபது முறை அடிக்கிற மருந்து. மாத்திரை வயிற்றில் கரைந்து ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றித்தான் நெஞ்சுக்குப் போகும். கை நடுங்குவதும் படபடப்பதும் அதனால்தான். இன்ஹேலர் நேராகப் போய்ச் சேருகிறது. அத்தை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ இதுதான் கம்மி" என்றார். அதற்குப் பிறகு காலை மருந்தை அவரே நினைவுபடுத்திக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்.

வளர்ச்சி பற்றிய பயத்துக்கும் நேர்மையான பதில் இருக்கிறது. அமெரிக்காவில் புடசோனைடு இன்ஹேலரைச் சில வருடங்கள் தினமும் எடுத்த பிள்ளைகளைப் பெரியவர்களாகும்வரை தொடர்ந்து பார்த்து, 2012-இல் முடிவைச் சொன்னார்கள். எடுக்காதவர்களைவிட சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குள்ளம். இல்லவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ராத்திரித் தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், அடிக்கடி ஆஸ்பத்திரியில் படுத்து வளர்கிற பிள்ளைக்கு என்னென்ன நஷ்டம் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். உலகத்தில் 2019-இல் மட்டும் ஆஸ்துமாவால் 4,55,000 பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெரும்பாலானவர்கள் மருந்து சரியாகக் கிடைக்காத ஏழை நாடுகளில்.

தேயிலை ஊர்க்காரியாக இன்னொன்றும் சொல்ல ஆசை. நம் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் இளைப்புக்கு "டெரிஃபிலின் போட்டாங்க" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அதில் உள்ள தியோஃபிலினை 1888-இல் ஆல்பிரெக்ட் காசல் என்ற ஜெர்மானியர் முதலில் பிரித்தெடுத்தது தேயிலையிலிருந்து. என் அம்மா வாழ்க்கை முழுக்கப் பறித்த கொழுந்துக்குள் அந்த மருந்தும் துளியளவு இருந்திருக்கிறது. குடிக்கிற டீயில் இருப்பது மருந்தாகப் போதாது, அதை நம்பி இருக்கக் கூடாது. தியோஃபிலினும் அளவு கொஞ்சம் கூடினால் வாந்தி, வலிப்புவரை கொண்டுபோகிற மருந்து என்பதால் பிள்ளைகளுக்கு இன்று அதை முதலில் கொடுப்பதில்லை.

இன்ஹேலர் பிறந்த கதை பிள்ளைகளுக்குப் பிடிக்கும், வகுப்பில் சொல்வதுண்டு. அமெரிக்காவில் சூசி மேசன் என்று பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு ஆஸ்துமா. அப்போதெல்லாம் கண்ணாடிக் குப்பியில் மருந்தை ஊற்றி ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கி இழுக்க வேண்டும். தலைமுடிக்கு அடிக்கிற ஸ்பிரே மாதிரி இதையும் ஏன் ஒரு டப்பாவில் அடைக்கக் கூடாது என்று 1955-இல் அப்பாவைக் கேட்டாள். அப்பா மருந்துக் கம்பெனித் தலைவர். அடுத்த வருடமே அளவாக மருந்து அடிக்கிற இன்ஹேலர் கடைக்கு வந்துவிட்டது. இதைக் கேட்டுவிட்டு, இன்ஹேலரைப் பைக்குள் ஒளித்துவைத்திருந்த ஒரு பையன் வெளியே எடுத்து எல்லோருக்கும் காட்டினான்.

இன்ஹேலரைச் சின்னப் பிள்ளை நேராக வாயில் வைத்து அடித்தால் மருந்து தொண்டையிலேயே நின்றுவிடும். ஸ்பேஸர் என்கிற குழாய் கட்டாயம் வேண்டும். குலுக்கி, ஸ்பேஸரில் செருகி, ஒரு முறை அடித்து, பிள்ளை நிதானமாக ஐந்தாறு மூச்சு இழுக்க வேண்டும். இரண்டாவது முறை அடிக்க வேண்டுமென்றால் கொஞ்சம் பொறுத்து மறுபடி குலுக்க வேண்டும். ஸ்டீராய்டு மருந்துக்குப் பிறகு வாய் கொப்பளிப்பது முக்கியம். ஸ்பேஸரை சோப்புத் தண்ணீரில் கழுவினால் துணியால் துடைக்காமல் தானாகக் காயவிடுங்கள். துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி மருந்தெல்லாம் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். ஸ்பேஸர் வாங்க முடியாதவர்களுக்காகத் தென்னாப்பிரிக்காவில் ஹெதர் சார் என்ற குழந்தை மருத்துவர் சாதாரண 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் நுழைகிற அளவு துளை போட்டுப் பார்த்தார். கடையில் விற்கிற ஸ்பேஸர் அளவுக்கே அது வேலை செய்ததாக 1999-இல் எழுதினார். மிதமான இளைப்புக்கு ஸ்பேஸரோடு நீல இன்ஹேலர் அடிப்பது நெபுலைசருக்குச் சளைத்தது அல்ல என்பதும் ஆய்வுகளில் தெளிவாகிவிட்டது. மழையில் மண் சரிந்து மேட்டுப்பாளையம் ரோடு மூடிக் கிடக்கிற ராத்திரியில் இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது மலையில் பிள்ளை வளர்ப்பவர்களுக்குத் தெரியும்.

நீலகிரித் தைலத்தைப் பற்றிப் பேசாவிட்டால் ஊர்க்காரர்கள் என்னை விடமாட்டார்கள். கற்பூர மரம் இந்த மலைக்கு 1840-களில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. இன்று தைலம் இல்லாத வீடில்லை. தலைவலிக்குப் பெரியவர்கள் தடவிக்கொள்ளட்டும். இளைக்கிற பிள்ளையின் மூக்கடியில் தடவாதீர்கள். காட்டமான வாசனையே சிலருக்கு மூச்சை இறுக்கும். ஆவி பிடிக்கிற கொதிநீரில் ஊற்றிப் பிள்ளையைப் போர்வைக்குள் அடைப்பதும் வேண்டாம். வாய் வழியே ஒரு ஸ்பூன் உள்ளே போனால்கூட வலிப்பு வரும், பாட்டிலைக் கைக்கு எட்டாமல் வையுங்கள். ஹைதராபாத் மீன் மருந்துக்கு ரயில் ஏறச் சொன்னவர்களும் உண்டு. மூச்சுக்குத் திணறுகிற பிள்ளையின் தொண்டைக்குள் உயிர் மீனை இறக்குவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

பெண் பிள்ளைகள் விஷயம் தனி வருத்தம். "நாளைக்குக் கட்டிக் கொடுக்கணும் டீச்சர், இன்ஹேலர்னு வெளிய சொல்லாதீங்க" என்று ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவள் மகள் விளையாட்டு நேரத்தில் மரத்தடியில் உட்கார்ந்திருப்பாள். ஓடினால் இளைக்கும், ஓடாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. மருந்தைச் சரியாக எடுத்தால் அவள் தாராளமாக ஓடலாம். அவளும் ஓட வேண்டும் என்பதற்காகத்தான் மருந்தே இருக்கிறது. சே குவேராவுக்கு இரண்டு வயதில் ஆஸ்துமா வந்தது. வறண்ட மலைக்காற்று நல்லது என்று கேள்விப்பட்டுக் குடும்பமே அல்டா கிராசியா என்ற மலை ஊருக்குக் குடிபெயர்ந்தது. இளைப்பு சாகும்வரை அவரை விடவில்லை. அப்படியும் அவர் ரக்பி ஆடினார். இன்று இருக்கிற தடுப்பு இன்ஹேலர்கள் அன்று கிடையாது.

வளர வளரப் போய்விடும் என்று பெரியவர்கள் சொல்வதில் உண்மையும் உண்டு. மூன்று வயதுக்குள் இளைக்கிற பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பள்ளி சேரும் வயதில் இளைப்பதில்லை. ஆனால் எந்தப் பிள்ளைக்குப் போகும், எதற்குத் தங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. போகும்வரை அது மூச்சு விட்டாக வேண்டும்.

அரசிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. என் அம்மாவுக்கு வருகிறது. படி ஏறி இறங்க முடியாத எங்கள் மலைப் பெரியவர்களுக்கு அது பெரும் உதவி. அதே பையில், ஆஸ்துமா என்று டாக்டர் உறுதி செய்த பிள்ளைகளுக்கான தடுப்பு இன்ஹேலரும் ஒரு ஸ்பேஸரும் வர வேண்டும். கூடவே எப்படி அடிப்பது என்று காட்டிக்கொடுக்கவும் செய்யலாம். பின்பக்கச் சுவருக்கும் மண்ணுக்கும் இடையில் வடிகால் விடாமல் வீடு கட்ட அனுமதிப்பதையும் நிறுத்த வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வைத்த அளவுகோல்படி காற்றில் நுண்துகள் ஆண்டுச் சராசரியாக கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும். நம் நாட்டு வரம்பு 40. இந்த இரண்டுக்கும் நடுவில் நாம் எங்கே நிற்கிறோம் என்பதை மார்க்கெட் முன்பும் பேருந்து நிலையத்திலும் பலகையில் எழுதிப் போட்டால் ஊரே பார்க்கும்.

அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்யலாம். பிள்ளையின் கட்டிலை ஓதச் சுவரிலிருந்து தள்ளிப் போடுங்கள். வெயில் முகம் காட்டிய நாளில் மற்ற வேலையைத் தள்ளிவைத்துவிட்டுக் கம்பளியையும் மெத்தையையும் வெளியே போடுங்கள். படுக்கை விரிப்பை வாரம் ஒரு முறை கொதிநீரில் ஊறப்போடுங்கள். விறகை மழைக்கு முன்பே காயவைத்து மூடிவையுங்கள், அடுப்பு எரியும்போது பிள்ளை அந்தப் பக்கம் வேண்டாம். வீட்டுக்குள் பீடி, சிகரெட் யாருக்கும் அனுமதி இல்லை, மாமனாராகவே இருந்தாலும். விலா எலும்புகளுக்கு நடுவில் பள்ளம் விழுந்தால், ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமல் திணறினால், உதடு நீலமானால், நீல இன்ஹேலரை அடித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். இரைச்சல் திடீரென்று நின்றும் பிள்ளை சோர்ந்துகொண்டே போனால் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்; காற்றே உள்ளே போகவில்லை என்று அர்த்தம்.

எங்கள் பள்ளியில் இப்போது தலைமை ஆசிரியர் அறையில் ஒரு நீல இன்ஹேலரும் ஸ்பேஸரும் இருக்கின்றன. எந்தப் பிள்ளைக்கு எத்தனை முறை அடிக்கலாம் என்று அவரவர் டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதத்தை வாங்கி வைத்திருக்கிறோம். விளையாட்டு ஆசிரியருக்கும் சத்துணவு அக்காவுக்கும் அடிக்கத் தெரியும். ஜூனில் பள்ளி திறந்ததும் முதல் பெற்றோர் கூட்டத்துக்கு வரும்போது வீட்டிலிருக்கிற இன்ஹேலரையும் ஸ்பேஸரையும் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். ஊரிலிருந்து ஒரு நர்ஸ் அக்கா வருவதாகச் சொல்லியிருக்கிறார். பெற்றோர் ஒவ்வொருவரும் பிள்ளைக்கு எப்படி அடிக்கிறார்கள் என்று அவர் முன்னால் செய்து காட்டட்டும், தவறு இருந்தால் அங்கேயே திருத்திக்கொள்ளலாம்.